தரை டிக்கெட் போன பிறகு: சில படங்களும் பார்வையாளர்களும்

1

சினிமா பற்றி நம் சிற்றிதழ்களில் வருகிற கட்டுரைகளில் இயக்குநர் உண்டு, பிரதி உண்டு, பிரதிக்குள் ஒளிந்திருக்கும் கருத்தியல் உண்டு. டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்காருகிற ஆள்தான் பெரும்பாலும் இல்லை. அப்படியே வந்தாலும் 'வெகுசனம்' என்ற ஒரே மூட்டைக்குள் கட்டப்பட்டு வருகிறார். ஒரு கட்டுரையில் அவர் ஏமாளி, கோடம்பாக்கம் ஊட்டுகிற நஞ்சை வாய் திறந்து வாங்கிக்கொள்பவர். அடுத்த கட்டுரையில் அவரே கலகக்காரர், விசிலடித்தே அதிகாரத்தைக் கவிழ்ப்பவர். இரண்டையும் எழுதுகிறவர்கள் அவரோடு உட்கார்ந்து படம் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதை எழுதுகிறவன் விமர்சகன் இல்லை. கையில் காசும் கூட வர ஆளும் இருந்தால் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ படம் பார்க்கிறவன். ஆகவே இங்கே சொல்லப்படுபவை ஒரு சாதாரணப் பார்வையாளனின் அபிப்பிராயங்கள். ஆனால் 'சாதாரணப் பார்வையாளன்' என்ற அந்த ஆசாமி யார், அவனை யார் உண்டாக்குகிறார்கள் என்று கேட்காமல் அவனுடைய அபிப்பிராயத்தைப் பேசிப் பயனில்லை. படத்தின் அரசியல் பாதிதான் திரையில் இருக்கிறது. மீதிப் பாதி அரங்கத்தில், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

2

கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் முன்வைத்த ஒரு கவனிப்பு இன்றைக்கும் முக்கியமானது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்த்துகளம் சினிமாக் கொட்டகைதான் என்றார் அவர். அங்கே இடம் ஒதுக்கப்பட்டது பிறப்பால் வந்த வரிசைப்படி இல்லை, வாங்கும் சக்திப்படி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்த நாடு இது. அங்கே காசு கொடுத்தவனை எழுப்பிவிடக் கொட்டகைக்காரனுக்கு வியாபார நியாயம் இல்லாமல் போனது சின்ன விஷயமில்லை.

சாதி அங்கே செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அது வேறு உடுப்பு போட்டுக்கொண்டது. தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று கொட்டகைக்குள் நான்கு வர்ணம் உருவாயிற்று. ஆனால் நான்கும் ஒரே கூரைக்குள் இருந்தன. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தவன் அடித்த விசில் பால்கனிக்குக் கேட்டது. கேட்க வேண்டியிருந்தது. பால்கனிக்காரர் முகம் சுளித்தாலும் அந்தக் கூச்சலும் சேர்ந்ததுதான் அவர் பார்த்த படம். மதுரை தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஊரில் பாதி உள்ளே வந்துவிட்டது போன்ற பிரமையை அந்த அரங்கம் தந்தது. இன்று அந்த இடத்தில் துணிக்கடை நிற்கிறது.

இப்போது தரை டிக்கெட் கிடையாது. சின்ன ஊர்த் தியேட்டர்களில்கூடப் பெரும்பாலும் அரங்கம் முழுக்க ஒரே விலை, எல்லோருக்கும் மெத்தை வைத்த இருக்கை. பார்ப்பதற்குச் சமத்துவம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் கோடு அழியவில்லை, நகர்ந்திருக்கிறது. முன்பு அரங்கத்துக்குள் தரைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருந்தது. இப்போது வாசலுக்கு வெளியே இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். சென்னையின் பெரிய திரையரங்க வளாகங்களில்கூட 2017 வரை முன்வரிசையில் 10 ரூபாய் டிக்கெட் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அரசு கட்டணத்தை மாற்றியமைத்தபோது அது போயிற்று. பல திரை வளாகங்களுக்கு உச்சவரம்பு 150 ரூபாய் என்றானது. 2024இல் வரிகளெல்லாம் சேர்ந்து இது ஏறக்குறைய 190 ரூபாய், முன்பதிவுக் கட்டணம் தனி. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் போனால் டிக்கெட் மட்டும் 760 ரூபாய். பாப்கார்ன், வண்டி நிறுத்தும் காசு இதில் சேரவில்லை. அதே 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 319 ரூபாய். இரண்டு நாள் மண் வெட்டினாலும் ஒரு படத்துக்குப் பற்றாது. முன்வரிசையில் இன்னும் குறைந்த விலைக்குச் சில இருக்கைகள் இருக்கின்றன என்பது வாஸ்தவம்தான். கைப்பேசியில் விரல் வேகமாக ஓடுகிறவனுக்கு அவை கிடைக்கும்.

சிவத்தம்பி சொன்னதன் இன்னொரு பக்கம் இது. வாங்கும் சக்திதான் அளவுகோல் என்றால், அது குறைந்தவர் தரையில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வராமல் இருக்க வேண்டும். தரையை எடுத்தாயிற்று. மிச்சம் என்ன?

3

காசு இருந்தாலும் போதாது என்பதற்கு 2023 மார்ச் 30ஆம் தேதி சாட்சி. சென்னை ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' படம் பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தை, கையில் டிக்கெட் வைத்திருந்தும், உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். யாரோ எடுத்த காணொளி பரவியது, கூட்டம் கேள்வி கேட்டது, பிறகு உள்ளே அனுப்பினார்கள். படத்துக்கு யு/ஏ சான்றிதழ், கூட வந்த பிள்ளைகள் 12 வயதுக்குக் கீழ், அதனால்தான் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. யு/ஏ என்றால் சின்னப் பிள்ளைகள் பெரியவர்களின் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்றுதான் பொருள். கைக்குழந்தையோடு யு/ஏ படத்துக்குப் போகிற குடும்பங்களை வாரந்தோறும் எல்லாத் தியேட்டர்களிலும் பார்க்கலாம். அவர்களிடம் யாரும் சட்டம் பேசியதில்லை.

நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். மூன்று மாதம் கழித்துத் தியேட்டர் வாசலில் இது நடக்கிறது. வாங்கும் சக்தி என்ற அளவுகோலுக்குப் பின்னால் பழைய அளவுகோல் பத்திரமாகவே இருக்கிறது, கூட்டம் கேள்வி கேட்கும்போதுதான் அது வெளியில் தெரிகிறது என்பதை இந்தச் சம்பவம் சொல்லிவிட்டது. இன்னொன்றையும் சொல்லியது. அந்தக் குடும்பத்துக்காகச் சத்தம் போட்டவர்களும் படம் பார்க்க வந்தவர்கள்தாம். 'வெகுசனம்' என்று நாம் மூட்டை கட்டி வைத்திருக்கிறோமே, அதற்குள் இருந்துதான் அந்தக் குரல் வந்தது.

4

சரி, உள்ளே போனவர்கள் என்ன பேசுகிறார்கள்?

படம் விட்டு வருகிறவர் முகத்துக்கு நேரே இப்போது ஒலிவாங்கி நீள்கிறது. "படம் எப்படிண்ணே இருக்கு?" "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஃபையர், செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக். பிஜிஎம் தெறி. ஃபேமிலியோட பாக்கலாம்." இந்த நாலு வாக்கியத்தைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றிப்போட்டால் எந்தப் படத்துக்கும் பொருந்தும். கவனித்துப் பார்த்தால் இது பார்வையாளரின் பாஷையே இல்லை. லேக், இன்டர்வெல் பிளாக், ஓப்பனிங், கலெக்‌ஷன் எல்லாம் தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் கணக்கெழுதும்போது பேசுகிற பாஷை. கையில் இருந்த காசைக் கொடுத்துவிட்டு வருகிறவர், காசை வாங்கிக்கொண்டவரின் நாக்கால் பேசுகிறார். 2023 ஆகஸ்டில் 'ஜெயிலர்' ஓடியபோது தயாரிப்பாளர் நாயகனுக்கும் இயக்குநருக்கும் இசையமைப்பாளருக்கும் காசோலையும் காரும் கொடுக்கிற புகைப்படங்கள் வந்தன. டிக்கெட் எடுத்தவர்கள் அதைத் தங்கள் வீட்டு விசேஷம் மாதிரிக் கொண்டாடினார்கள். படம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற மனுஷன், பேரப்பிள்ளை, வீட்டுக் கிண்டல் என்று முதல் பாதி நகைச்சுவையாகப் போகிறது. ஆனால் யாருடைய லாபத்துக்கு நான் கைதட்ட வேண்டும்?

இந்த வாசல் அபிப்பிராயத்துக்கு வேறொரு வலிமையும் உண்டு, அது படத்தையே வெட்டுகிறது. 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2', வெளியான சில நாட்களில் ஏறக்குறைய 12 நிமிடம் குறைக்கப்பட்டது. செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' 18 நிமிடத்துக்குமேல் குறைந்தது. இரண்டு பேர் இராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதுதான் 'மெய்யழகன்' படமே. பேச்சு நீள்கிறது என்று குறை சொல்வது, சாப்பாட்டில் சோறு இருக்கிறது என்று குறை சொல்வது மாதிரி. நவம்பர் 14ஆம் தேதி 'கங்குவா' வந்தபோது காதைக் கிழிக்கிறது என்ற புகாருக்குப் பிறகு, ஒலியைக் குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார்.

ஆக, பிரதி முடிந்துபோன ஒன்றாக இல்லை. முதல் மூன்று நாள் கூட்டம் கத்தரியை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வாரம் கூட்டம் குறைந்த பிறகு நிதானமாக வருகிற வயதானவரும், மதியக் காட்சிக்கு வருகிற பெண்களும் பார்ப்பது முதல் மூன்று நாள்காரர்கள் வெட்டிக்கொடுத்த மிச்சம். முதல் மூன்று நாள் யாரால் வர முடியும்? முண்டியடித்து முன்பதிவு செய்யக்கூடிய, பெரும்பாலும் இளவயது ஆண்கள். 'ரசிகர் தீர்ப்பு' என்பதன் சமூகவியல் இதுதான்.

'கங்குவா'வுக்குப் பிறகு தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடக்கூடாது என்று கோரியது. படம் வெளியாகி மூன்று நாளைக்கு விமர்சனமே வரக்கூடாது என்று நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. நல்லது. ஆனால் இதில் நாம் எந்தப் பக்கம் என்பது அவ்வளவு நேரடியான கேள்வி இல்லை. வாயை மூடு என்கிற முதலாளிக்கும், நாலு வாக்கியம் சொல்லிக்கொடுத்துப் பேசு என்கிற கேமராவுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது பார்வையாளரின் குரல். முதலாவதை நீதிமன்றம் தடுக்கலாம். இரண்டாவதை?

5

பார்வையாளர் பிரதியை அப்படியே விழுங்குவதில்லை என்று ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதினார். சொன்னதைச் சொன்னபடி வாங்கிக்கொள்ளும் வாசிப்பு, பேரம் பேசி வாங்கும் வாசிப்பு, எதிர்த்து வாசிக்கும் வாசிப்பு என்று அவர் பிரித்துக் காட்டினார். நம்மில் பலருக்கு மூன்றாவதன்மேல் தனிப் பிரியம். எதிர்த்து வாசிப்பது என்றாலே அது விடுதலைக்கான வாசிப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

'மாமன்னன்' இந்த நம்பிக்கையைச் சோதித்தது. 2023 ஜூன் 29இல் வெளியான மாரி செல்வராஜின் இந்தப் படம் ஒரு நாற்காலியைப் பற்றியது. சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் ஆதிக்க சாதிக்காரன் முன்னால் உட்காராமல் நிற்கப் பழகியவர் மாமன்னன். அவர் உட்கார வேண்டும் என்பதுதான் படத்தின் மொத்தக் கோரிக்கை. வடிவேலுவைப் பார்த்தாலே சிரிக்கத் தயாராக வந்த கூட்டம் அவர் முகத்தைப் பார்த்து வாயடைத்துப்போனதை நான் பார்த்தேன். முப்பது வருஷமாக அடி வாங்கிச் சிரிக்க வைத்த உடம்பு, அடி வாங்குவது என்றால் என்னவென்று அன்றைக்குக் கேட்டது. பிற்பாதி கொஞ்சம் வழக்கமான தேர்தல் சண்டையாகத் தேய்ந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஜூலை 27இல் படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. அடுத்த சில நாட்களில் நடந்ததுதான் நாம் யோசிக்க வேண்டியது. ஃபகத் ஃபாசில் நடித்த ரத்தினவேலு என்கிற வில்லனை, சொந்த நாயை அடித்தே கொல்கிற அந்தச் சாதிவெறியனை, வெட்டி எடுத்து, சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டி, நாயகனாக்கி உலவ விட்டார்கள். வெவ்வேறு சாதிக்காரர்கள் அவனைத் தங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடினார்கள். படத்தின் மேலாதிக்க அர்த்தத்தை மறுத்து, தங்கள் இடத்திலிருந்து வேறு அர்த்தத்தை உண்டாக்கிய சுத்தமான எதிர் வாசிப்பு இது. சூத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. விளைவுதான் இப்படி.

இதிலிருந்து மக்கள் திருந்தமாட்டார்கள் என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். எதிர் வாசிப்புக்குத் தன்னளவில் முகம் கிடையாது, யார் எந்த இடத்திலிருந்து எதிர்க்கிறார் என்பதே அதற்கு முகம் தருகிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இந்தக் கொண்டாட்டம் பெருகியது அரங்கத்தில் இல்லை, கைப்பேசியில். திரையரங்கில் ரத்தினவேலுக்குக் கைதட்ட நினைத்தவனுக்குப் பக்கத்து இருக்கையில் யார் இருக்கிறார் என்று தெரியாது. அந்தத் தெரியாமையே ஒரு கட்டுப்பாடு. கைப்பேசியில் பக்கத்து இருக்கை கிடையாது. ஒரே கூரை என்று சிவத்தம்பி சொன்னதன் மதிப்பு, அந்தக் கூரை இல்லாதபோதுதான் தெரிகிறது.

6

எதிர்முனையில் இருப்பது அழுகை. 2024 ஆகஸ்ட் 23இல் வந்த 'வாழை', மாரி செல்வராஜ் தன் சிறுவயதிலிருந்து எடுத்த கதை. வாழைத்தார் சுமக்கிற பையன், பாரம் ஏற்றிய லாரியில் தார்களின்மேல் உட்கார்ந்து போகிற கூலியாட்கள், கவிழ்கிற லாரி. அரங்கமே அழுதது, நானும் அழுதேன். வெளியே வரும்போது அதிகம் காதில் விழுந்த வார்த்தை "பாவம்ங்க". 2025 மே 1இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கும் அதே வார்த்தை. இலங்கையின் பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பிப் படகில் வந்து சென்னையில் ஒளிந்து வாழ்கிற குடும்பத்தின் கதை அது. சிரிக்கவும் வைத்தது, அக்கம்பக்கம் என்பது என்ன என்று நெகிழவும் வைத்தது. மறுவாழ்வு முகாம்களில் பத்து, முப்பது, நாற்பது வருஷமாகக் குடியுரிமை இல்லாமல் இருப்பவர்களின் பேச்சு அந்த நெகிழ்ச்சிக்குள் வரவில்லை. 'பாவம்' என்ற சொல் நல்ல சொல்தான். ஆனால் அது எதிராளியைத் தேடுவதில்லை. லாரியில் அத்தனை பாரம் ஏற்றியது யார் என்று கேட்பதற்குள் அழுகை முடிந்துவிடுகிறது.

'லப்பர் பந்து' 2024 செப்டம்பர் 20இல் வந்தது. ஊர்க் கிரிக்கெட், மாமனாருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் இடையே வீம்பு, புருஷன் ஆட்டத்துக்குப் போவதை வெறுக்கிற யசோதை. விஜயகாந்த் பாட்டோடு கெத்து மைதானத்தில் இறங்கும்போது அரங்கம் எழுந்து ஆடியது. அவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதற்கு நடுவில், ஒரு குழுவில் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பதைச் சாதி எப்படித் தீர்மானிக்கிறது என்பதும் கதைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரையும் அழவைக்காமல், யாரிடமும் பிரசங்கம் பண்ணாமல் ஓடுகிறது.

இந்தப் படம் விட்டு வந்தவர்கள் பேசியது வேறு மாதிரி இருந்தது. டீக்கடையில் ஒரு கூட்டம், "இது ஈகோ படம்ப்பா, ரெண்டு ஆம்பளைங்க வீம்பு, அவ்ளோதான்" என்றது. இன்னொருவர், "அவனை ஏன் டீம்ல சேக்கல, அதச் சொல்லு மொதல்ல" என்றார். மூன்றாவது ஆள், "எங்க ஊர்லயும் இப்பிடித்தான்" என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, சுற்றிலும் பார்த்துக்கொண்டு, மெதுவாக மேலே சொன்னார். லேக், பிஜிஎம் எதுவும் வரவில்லை. கேமரா இல்லாத இடம் அது. தீர்ப்பு சொல்ல வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

ஒரு படம் மக்களைத் திருத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வெளியே வருகிறவர்களைப் 'பாவம்' என்று முடித்துக்கொள்ளாமல், 'ஏன்' என்று தங்களுக்குள் சச்சரவு பண்ண வைத்தால் அது பெரிய காரியம். அந்தச் சச்சரவு நடக்க வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே அரங்கத்தில் இருந்திருக்க வேண்டும். "அவனை ஏன் சேர்க்கல" என்று கேட்டவருக்கு அன்றைக்கு டிக்கெட் காசு இல்லாமல் போயிருந்தால் அது வெறும் ஈகோ படமாகவே வீட்டுக்குப் போயிருக்கும்.

7

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எழுதிய நூலை (தமிழில் 'பிம்பச் சிறை') நாமெல்லோரும் படித்தோம். தங்கள் நலனுக்கு விரோதமான ஆட்சிக்கு ஏழைகள் எப்படித் திரையரங்கில் உட்கார்ந்தே சம்மதம் தந்தார்கள் என்ற கேள்வி அதிலிருந்து நமக்கு வந்தது. அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது ஏழைகள் அரங்கத்தில் இருந்தார்கள். இன்றைய கேள்வி அதற்கும் ஒரு படி முந்தியது. அவர்களைப் பற்றிய படங்கள் வருகின்றன, நல்ல படங்களாகவே வருகின்றன. அவர்கள் நிற்பதையும் சுமப்பதையும் சாவதையும் டிக்கெட் காசு கொடுக்க முடிந்தவர்கள் மெத்தையில் சாய்ந்து பார்க்கிறார்கள். மாமன்னன் திரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே?

சினிமா பற்றி எழுதுகிற நண்பர்களும் இயக்கத் தோழர்களும் அடுத்த படத்தைக் கட்டுடைக்கும் முன் சில காரியங்கள் செய்யலாம். குறைந்த விலை இருக்கைகளை எல்லாக் காட்சியிலும், வெளியீட்டு நாளிலும், கைப்பேசி இல்லாதவருக்கும் கிடைக்கிற மாதிரி வாசலிலேயே விற்க வேண்டும் என்று கேட்கலாம். அரசு நிர்ணயித்த விலைக்குமேல் முதல் நாள் விற்கப்படுவதை நம் போராட்டப் பட்டியலில் சேர்க்கலாம். அதைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. படம் முடிந்ததும் எழுந்து ஓடாமல், பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொல்கிறார் என்று காது கொடுக்கலாம். அவர் சொல்வது நமக்குப் பிடிக்காததாக இருக்கலாம், பரவாயில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதலாம். அதுவும் சினிமா விமர்சனம்தான்.